இலையின் பெயர் கொண்ட கட்டி



பட்டறைகளிலும் பாட மீட்பு வகுப்புகளிலும் சந்திக்கும்போது, தோழியர் சிலர் என்னைத் தனியே அழைத்து, "டீச்சர், உங்களுக்கு வந்தது புற்றுநோயா, இல்லையா?" என்று தாழ்ந்த குரலில் கேட்கின்றனர். ஆம் என்றாலும் முழு உண்மையாகாது. இல்லை என்றாலும் ஆகாது. அதற்கு ஒரு வரியில் விடை இல்லை. ஒவ்வொருவரிடமும் நின்று விளக்க நேரமும் இருப்பதில்லை. ஆகவே, ஒரு முறை முழுமையாக எழுதிவிடலாம் என்று அமர்ந்துவிட்டேன்.

எனக்கு வந்த கட்டியின் பெயர் பில்லோடிஸ். மார்பகத்தில் தோன்றும் எல்லாக் கட்டிகளையும் கணக்கில் எடுத்தால் நூற்றில் ஒன்றுக்கும் குறைவு. பெயரைக் கேட்டவுடன் எனக்குப் பயிற்சிக் கல்லூரி நினைவுதான் வந்தது. புதிய சொல்லைக் கண்டால் அதன் வேரைத் தேடு என்பார் எங்கள் விரிவுரையாளர். தேடினேன். கிரேக்க மொழியில் 'பில்லோன்' என்றால் இலை. நாம் அறிவியல் பாடத்தில் பச்சையம் என்று கற்பிக்கிறோமே, அந்தக் குளோரோபில் என்ற சொல்லின் பின்பாதியும் இதே இலைதான்! இக்கட்டியை வெட்டிப் பார்த்தால், உள்ளிருக்கும் பிளவுகளுக்குள் திசு இலை இலையாக நீண்டு மடிந்திருக்குமாம். 1838ஆம் ஆண்டில் யோகான்னஸ் முல்லர் என்ற செருமானிய அறிஞர் அதைக் கண்டு இந்தப் பெயரைச் சூட்டினார். ஆனால் அவர் அதனுடன் 'சிஸ்டோசார்கோமா' என்ற சொல்லையும் சேர்த்துவிட்டார். சார்கோமா என்பது ஒரு வகைப் புற்றைக் குறிக்கும் சொல். இக்கட்டிகளில் பெரும்பாலானவை புற்றல்ல என்பதால், அந்தப் பெயர் நெடுங்காலம் நோயாளிகளை வீணாக அச்சுறுத்தியது. நூல்களில் இதற்கு அறுபதுக்கும் மேற்பட்ட பெயர்கள் இருந்தனவாம். 1981இல்தான் உலகச் சுகாதார நிறுவனம் 'பில்லோடிஸ் கட்டி' என்ற பெயரை ஏற்றது. என் மனத்துக்குள் நான் அதை 'இலைக்கட்டி' என்றே அழைத்து வருகிறேன். கலைச்சொல் அறிஞர்கள் பொறுத்தருள்க.

இனி நடந்ததைக் கூறுகிறேன்.

2022ஆம் ஆண்டு ஏப்ரல் மாதம், சித்திரைப் புத்தாண்டுக்கு முந்திய வாரம், குளிக்கும்போது இடப்பக்க மார்பில் ஒரு கட்டி கையில் தட்டுப்பட்டது. எனக்கு அப்போது வயது 43. வலி இல்லை. கோலிக்குண்டு போல வழுக்கிக்கொண்டு நகர்ந்தது. அந்த வாரமே ஒரு தனியார் மருந்தகத்திற்குச் சென்றேன். அங்கு அல்ட்ராசவுண்ட் எடுத்துப் பார்த்துவிட்டு, "2.8 சென்டிமீட்டர். ஓரம் வழவழப்பாக இருக்கிறது. பைப்ரோஅடினோமா. தீங்கற்ற நார்க்கட்டி. ஆறு மாதம் கழித்து வாருங்கள்" என்றார்கள். ஊசிச் சோதனை எதுவும் செய்யவில்லை.

அவர்கள் சொன்னது பொதுவாகத் தவறன்று. வழுக்கிக்கொண்டு நகரும் வலியற்ற கட்டிகளில் மிகுதியானவை நார்க்கட்டிகளே. ஆனால் நார்க்கட்டி பெரும்பாலும் இருபதுகளிலும் முப்பதுகளிலும் உள்ள பெண்களுக்கு வருவது. நாற்பதைத் தாண்டியவருக்குப் புதிதாக ஒரு கட்டி முளைத்தால், அதிலிருந்து சிறிது திசுவை எடுத்துப் பார்ப்பதே முறை என்று பின்னர் அறிந்தேன். இலைக்கட்டி பெரும்பாலும் நாற்பதுகளில்தான் தலைகாட்டுகிறது. தொட்டுப் பார்த்தாலும், அல்ட்ராசவுண்டில் பார்த்தாலும், இரண்டும் உடன்பிறந்தாரைப் போலவே இருக்கும். அவை உண்மையாகவே ஒரே குடும்பத்தைச் சேர்ந்தவைதாம். 2014இல் சிங்கப்பூர் ஆய்வாளர்கள் நார்க்கட்டிகளில் மெட்-12 என்ற மரபணுவில் ஏற்படும் ஒரு மாற்றத்தைக் கண்டறிந்தார்கள். அதே மாற்றம் இலைக்கட்டிகள் பலவற்றிலும் காணப்படுகிறது.

இரண்டையும் பிரித்துக் காட்டும் வெளிப்படையான அடையாளம் ஒன்று உண்டு. அதுதான் வளரும் வேகம். சூலை மாதத் தொடக்கத்தில் என் கட்டி ரவிக்கையின் மேலேயே புடைப்பாகத் தெரிந்தது. ஆறு மாதம் என்ற கணக்கை ஓரமாக வைத்துவிட்டு, மூன்றாம் மாதமே எங்கள் வட்டார அரசாங்கச் சுகாதார மருந்தகத்திற்குச் சென்றேன். இளம் மலாய் மருத்துவர் ஒருவர். பழைய அறிக்கையையும் என் மார்பையும் மாறி மாறிப் பார்த்தார். அங்கேயே கடிதம் எழுதி, பொது மருத்துவமனையின் மார்பக அறுவைப் பிரிவுக்கு அனுப்பிவிட்டார். அரசு ஊழியர் என்பதால் உத்தரவாதக் கடிதத்துடன் சென்றேன். செலவு ஒரு சுமையாகவில்லை. இதை இங்குக் குறிப்பிடக் காரணம் உண்டு. செலவை எண்ணியே பல தாய்மார்கள் தள்ளிப் போடுகின்றனர். அரசாங்க மருந்தகத்தில் வெளிநோயாளிக் கட்டணம் குடிமக்களுக்கு ஒரு வெள்ளிதான். அங்கிருந்து தொடங்குங்கள்.

பொது மருத்துவமனையில் மேமோகிராமும் மறுபடி அல்ட்ராசவுண்டும் எடுத்தார்கள். கட்டி 5.4 சென்டிமீட்டர். உள்ளே நீர் நிறைந்த சிறு வெடிப்புகள் தெரிந்தன. பிறகு பயாப்சி. மெல்லிய ஊசியால் உயிரணுக்களை மட்டும் உறிஞ்சி எடுக்கும் சோதனை இதற்குப் போதாதாம். உயிரணுக்கள் எப்படி அடுக்கப்பட்டுள்ளன என்பது தெரிய வேண்டும் என்பதால், பருத்த ஊசியால் திசுவையே நூல் நூலாக எடுக்க வேண்டும். மரத்துப்போக மருந்து செலுத்திவிட்டு எடுத்தார்கள். ஒவ்வொரு முறையும் ஸ்டேப்லர் அடிப்பது போன்ற ஓசை. ஐந்து முறை கேட்டது. வலியைவிட அந்த ஓசைதான் என்னைத் திடுக்கிட வைத்தது.

முடிவு வந்தபோது அதுவும் உறுதியாக எதையும் கூறவில்லை. "நார்த்திசுவும் சுரப்பித்திசுவும் கலந்த கட்டி; பில்லோடிஸ் அல்லவென்று ஒதுக்க இயலாது" என்பதே அதன் சாரம். ஊசியில் அகப்பட்ட துண்டுகளைக் கொண்டு முழுக் கட்டியையும் தீர்ப்பிட முடியாது. ஒரு பகுதி அமைதியாகவும் மறுபகுதி கொந்தளிப்பாகவும் இருக்கலாம். ஆகவே, கட்டி முழுவதையும் எடுத்து, பல இடங்களில் சீவி, நுண்ணோக்கியில் பார்த்தால்தான் தெரியும்.

இந்தக் கட்டத்தில் வீட்டில் எழுந்த பேச்சை மறைக்காமல் எழுதுகிறேன். "கத்தி பட்டா பரவிடும்னு சொல்வாங்களே கண்ணு" என்றார் என் அம்மா. நம் வீடுகளில் இந்த நம்பிக்கை எவ்வளவு ஆழமாக ஊன்றியிருக்கிறது என்பது பெற்றோர்களாகிய உங்களுக்குத் தெரியும். நம் நாட்டுப் பெண்களுக்கு மிகுதியாக வரும் புற்று மார்பகப் புற்றே. 2012 முதல் 2016 வரையிலான தேசியப் புற்றுநோய்ப் பதிவேட்டின்படி, ஏறக்குறைய பாதிப் பேருக்கு அது மூன்றாம் அல்லது நான்காம் நிலையில்தான் கண்டறியப்பட்டது. அந்த நிலையில் கத்தி பட்டுப் பயன் குறைந்துபோனவர்களைப் பார்த்துப் பார்த்தே, கத்திதான் காரணம் என்று ஊர் முடிவு கட்டிவிட்டது. ஆனால் இலைக்கட்டியைப் பொறுத்தவரை அம்மாவின் சொல்லில் ஒரு துளி உண்மையும் இருந்தது. நார்க்கட்டியைப் பட்டாணியைத் தோலிலிருந்து பிதுக்குவது போல எடுத்துவிடலாம். இலைக்கட்டியை அவ்வாறு பிதுக்கினால், சுற்றியுள்ள திசுவில் கண்ணுக்குத் தெரியாத விரல்கள் போல அது நீட்டியிருக்கும் நுனிகள் எஞ்சிவிடும். மீண்டும் முளைக்கும். தவறு கத்தியினுடையதன்று, போதிய ஓரம் விட்டு வெட்டாததனுடையது. இதை நான் அம்மாவுக்கு ஒரு மாலை முழுவதும் விளக்கினேன். அம்மா தலையாட்டினார். மறுநாள் அதே கேள்வியைக் கேட்டார்!

ஆகஸ்டு மாதம் முதல் அறுவை நடந்தது. கட்டி 6.5 சென்டிமீட்டருக்கு வளர்ந்திருந்தது. மூன்று வாரங்கள் கழித்து நோய்க்குறியியல் அறிக்கை கிடைத்தது. இலைக்கட்டிதான் என்று உறுதி செய்திருந்தார்கள்.

இக்கட்டியை மூன்றாகப் பிரிக்கிறார்கள்: தீங்கற்றது, எல்லைநிலை, புற்றுத்தன்மை கொண்டது. பிரிப்பது ஒரே அளவுகோலைக் கொண்டன்று. இணைப்புத் திசுவின் உயிரணுக்கள் எவ்வளவு நெருக்கமாக உள்ளன, எவ்வளவு உருமாறியுள்ளன, சுரப்பிகளை மூழ்கடித்து அத்திசு மட்டும் பெருகியிருக்கிறதா, விளிம்பு தெளிவாக உள்ளதா, நுண்ணோக்கியின் பத்துப் பெரிதாக்கிய பார்வைப் புலங்களில் எத்தனை உயிரணுக்கள் பிளந்துகொண்டிருக்கின்றன என்றெல்லாம் பார்க்கிறார்கள். அந்தக் கடைசி எண்ணிக்கை ஐந்துக்குக் கீழ் என்றால் பொதுவாகத் தீங்கற்ற வகை. பத்தும் அதற்கு மேலும் என்றால் புற்றுவகையின் பக்கம். என் எண்ணிக்கை ஏழு. எல்லைநிலை! 'புற்றுநோயா, இல்லையா' என்ற கேள்விக்கு ஒரு வரியில் விடை இல்லை என்று நான் மேலே எழுதியதன் பொருள் இதுதான். நாற்பது மதிப்பெண்ணில் நிற்கும் மாணவனைத் தேர்ச்சி என்பதா தோல்வி என்பதா என்று நாம் தயங்குவதில்லையா? அப்படி ஓரிடத்தில் நின்றேன்.

அதைவிடச் சிக்கலானது அடுத்த வரி. வெட்டி எடுத்த திசுக்கட்டியின் வெளிப்புறம் முழுவதற்கும் மை பூசிவிட்டுத்தான் சீவிப் பார்ப்பார்களாம். கட்டியின் உயிரணுக்கள் மையைத் தொட்டுக்கொண்டிருந்தால், எஞ்சியது உள்ளே இருக்கலாம் என்று பொருள். மாணவர்களின் பயிற்சிப் புத்தகத்தில் எழுத்து ஓரக்கோட்டைத் தாண்டிவிடுவது போல என்று வைத்துக்கொள்ளுங்கள். என் அறிக்கையில் பின்பக்க விளிம்பில் கட்டி மையைத் தொட்டிருந்தது.

அறுவை மருத்துவர் சீன அம்மையார். எல்லாரையும் போல் என்னைச் 'சிகு' என்றே அழைப்பார். அவர் இரண்டு வழிகளை முன்வைத்தார். ஒன்று, மறுபடியும் திறந்து, பழைய பள்ளத்தைச் சுற்றி ஒரு சென்டிமீட்டர் அளவுக்கு நல்ல திசுவையும் சேர்த்து எடுப்பது. மற்றொன்று, மார்பகத்தையே அகற்றிவிடுவது. தீங்கற்ற வகையாக இருந்திருந்தால், விளிம்பில் தொட்டிருந்தாலும் மறு அறுவையின்றிக் கண்காணிக்கலாம் என்பதே இப்போதைய போக்கு. எல்லைநிலையில் அவ்வாறு விட அவருக்கு மனமில்லை.

"உங்கள் தங்கையாக இருந்தால் எதைச் செய்யச் சொல்வீர்கள்?" என்று கேட்டேன். அவர் அதற்கு விடை கூற மறுத்துவிட்டார். "என் தங்கை எதற்கு அஞ்சுவாள் என்று எனக்குத் தெரியும். நீங்கள் எதற்கு அஞ்சுகிறீர்கள் என்பது எனக்குத் தெரியாது" என்றார். அன்று எனக்கு எரிச்சலாக இருந்தது. பிறகு யோசித்தபோது, எனக்குக் கிடைத்த மிக நேர்மையான பதில் அதுவே என்று தோன்றியது.

அவர் எனக்கு எண்களைக் கொடுத்தார். சிங்கப்பூர்ப் பொது மருத்துவமனையில் 1992 முதல் 2010 வரை கண்டறியப்பட்ட 605 இலைக்கட்டிகளைப் பற்றிய ஆய்வு 2012இல் வெளியானது. நம் பக்கத்து வீட்டுப் பெண்களின் கணக்கு! அவற்றுள் 440 தீங்கற்றவை, 111 எல்லைநிலை, 54 புற்றுவகை. மொத்தத்தில் 80 பேருக்குக் கட்டி திரும்பியது. எல்லைநிலையில் நூற்றுக்கு ஏறத்தாழ 14 பேர். இந்நோயால் இறந்தவர்கள் 12 பேர். கட்டி திரும்புமா என்பதை உயிரணுக்களின் உருமாற்றம், பிளவு எண்ணிக்கை, இணைப்புத் திசுவின் பெருக்கம், அறுவை விளிம்பு ஆகிய நான்கைக் கொண்டு கணிக்கலாம் என்று அந்த ஆய்வாளர்கள் காட்டியிருந்தனர். நான்கில் முதல் மூன்றும் என் உடம்பு எழுதி முடித்தவை. நான்காவது மட்டும் இன்னும் மாற்றக்கூடியதாக இருந்தது.

என் கணவர், "எல்லாத்தையும் எடுத்திடச் சொல்லு. எனக்கு நீ இருந்தா போதும்" என்றார். அன்பினால் சொன்ன சொல். ஆனாலும் எனக்குச் சுருக்கென்றது. எடுப்பது எவருடைய உடம்பிலிருந்து? இரண்டு நாள் நாங்கள் சரியாகப் பேசிக்கொள்ளவில்லை. பிறகு அடுத்த சந்திப்புக்கு அவரையும் அழைத்துச் சென்றேன். ஓரம் தூய்மையாகக் கிடைத்துவிட்டால், மார்பகத்தைக் காத்தாலும் அகற்றினாலும் ஆயுளில் வேறுபாடு காணப்படவில்லை என்று மருத்துவர் அவரிடமே கூறினார். அதோடு நிறுத்தாமல், திரும்பி வந்தால் சில வேளை முன்பைவிடக் கடுமையான வகையாக வரக்கூடும் என்பதையும் கூறினார். இரண்டையும் கேட்டுவிட்டு, நான் மறுவெட்டு அறுவையைத் தேர்ந்தெடுத்தேன். விளிம்பு இந்த முறையும் தூய்மையாக இல்லாவிட்டால் மார்பகத்தை அகற்ற ஒப்புக்கொள்கிறேன் என்று கணவரிடம் வாக்களித்தேன். எங்களுக்குள் ஏற்பட்ட உடன்படிக்கை அது. வேறொரு பெண் வேறு முடிவெடுக்கலாம். அவருடைய கட்டி இன்னும் பெரியதாகவோ மார்பு இன்னும் சிறியதாகவோ இருக்கலாம்.

தீபாவளி அவ்வாண்டு அக்டோபர் 24. நவம்பர் முதல் வாரத்தில் இரண்டாம் அறுவை. பின்பக்கத்தில் மார்புத் தசையின் உறை வரை எடுத்தார்கள். எடுத்த திசுவில் எஞ்சிய கட்டி இல்லை, ஓரம் தூய்மை. அந்தத் தாளைக் கணவர்தாம் முதலில் படித்தார். ஒன்றும் சொல்லவில்லை. மருத்துவமனைச் சிற்றுண்டிச் சாலைக்குச் சென்று, எனக்குப் பிடிக்காத காப்பியை வாங்கிக்கொண்டு வந்தார்.

பலரும் வியப்புடன் கேட்பது: "ஏன் முடி கொட்டவில்லை?" எனக்குக் கீமோதெரப்பி தரவில்லை. இலைக்கட்டி வழக்கமான மார்பகப் புற்றைப் போன்றதன்று. வழக்கமான புற்று பால் சுரப்பிகளின், குழாய்களின் உட்பூச்சில் தொடங்குகிறது. இலைக்கட்டியிலோ முரண்டு பிடிப்பது இணைப்புத் திசு. ஆகவே அதன் நடத்தையும் வேறு. அக்குளின் நிணநீர்க் கணுக்களுக்கு அது பரவுவது மிக அரிது. என் அக்குளை அவர்கள் தொடவே இல்லை. பரவும் புற்றுவகை இரத்தத்தின் வழியே பெரும்பாலும் நுரையீரலுக்குச் செல்லும். இயக்குநீர் மாத்திரைகளால் பயன் இல்லை. எல்லைநிலைக்கும் புற்றுவகைக்கும் கதிர்வீச்சு சில வேளை தருகிறார்கள். கட்டி அதே இடத்தில் திரும்புவதை அது குறைக்கிறது. என் விளிம்பு தூய்மையாகிவிட்டதால், மருத்துவர் குழு கூடிப் பேசி, எனக்கு அது வேண்டியதில்லை என்று முடிவு செய்தது. இந்நோயின் மருந்து பெரும்பாலும் கத்திதான். அம்மாவிடம் இதைச் சொன்னபோது அவர் முகத்தைப் பார்த்திருக்க வேண்டும்!

பள்ளியில் நடந்ததையும் சொல்ல வேண்டும். என் மருத்துவ விடுப்பைச் சபைகூடலில் அறிவித்தபோது, கூச்சத்தினால், 'நெஞ்சில் அறுவை சிகிச்சை' என்று சொல்லியிருக்கிறார்கள். நம்மவர் அந்தச் சொல்லைச் சுற்றி வளைத்துத்தானே போவோம்! இரண்டாம் ஆண்டுப் பிள்ளைகள் எனக்கு இருதய நோய் என்று புரிந்துகொண்டார்கள். நான் திரும்பிய நாளில் இருபத்திரண்டு வாழ்த்தட்டைகள். அத்தனையிலும் சிவப்பு இருதயம், அதன்மேல் ஒட்டுப்பட்டை. ஒருவன் மட்டும் "டீச்சர் மாடிப்படி ஏற வேண்டாம்" என்று எழுதியிருந்தான். அவற்றை இன்றும் வைத்திருக்கிறேன். ஆனால் அதே கூச்சம் பெற்றோரிடையே வேறு வடிவம் எடுத்தது. இருதய நோய் என்று கேள்விப்பட்டதால், என்னிடம் தங்கள் கட்டியைப் பற்றிக் கேட்டிருக்கக்கூடிய தாய்மார்கள் எவரும் கேட்கவில்லை.

2023இல், பெற்றோர் ஆசிரியர் சந்திப்பு நாளன்று, தாய்மார்கள் மட்டும் இருந்த வேளையில், 'மார்பகம்' என்ற சொல்லை வாய்விட்டுச் சொல்லி, எனக்கு நடந்ததைப் பத்து நிமிடம் பேசினேன். சிலர் தரையைப் பார்த்தார்கள். ஒரு பாட்டி மட்டும் கடைசி வரை என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். அடுத்த வாரம் ஒரு தாய் வகுப்பறை வாசலில் வந்து நின்றார். வயது 38. கட்டி வந்து எட்டு மாதம், மாமியாருக்குக்கூடச் சொல்லவில்லை. அரசாங்க மருந்தகத்திற்கு அவருடன் நானும் சென்றேன். பயாப்சியில் அது வெறும் நார்க்கட்டி என்று தெரிந்தது. எட்டு மாதம் தூங்காதவர், அன்று மருத்துவமனை நாற்காலியிலேயே அயர்ந்துவிட்டார்.

தோழியருக்கு ஒன்று சொல்வேன். உங்கள் அறிக்கைகளின் நகலைக் கேட்டு வாங்கி, ஒரு கோப்பில் அடுக்கி வையுங்கள். எத்தனை சென்டிமீட்டர், எந்தத் தேதி என்பதைக் குறித்து வையுங்கள். ஏப்ரலில் 2.8 என்று எழுதிய அந்தத் தாள் என் கையில் இருந்ததால்தான், சூலையில் அந்த இளம் மருத்துவர் ஐந்து நிமிடத்தில் கடிதம் எழுதினார்.

இக்கட்டி திரும்புவதாக இருந்தால், பெரும்பாலும் முதல் இரண்டு மூன்று ஆண்டுகளுக்குள் திரும்பும் என்கிறார்கள். அதனால் முதலில் ஆறு மாதத்திற்கு ஒரு முறை மார்பையும் நுரையீரலையும் பார்த்தார்கள். இப்போது ஆண்டுக்கு ஒரு முறை. ஒவ்வொரு முறையும் அதற்கு முந்திய வாரம் எனக்குத் தூக்கம் வராது; அது பழகவில்லை. தழும்பு இரண்டு விரல் நீளம், சற்றே உட்குழிந்து இருக்கிறது. மழைக்கு முன்னால் அரிக்கும். அடுத்த பரிசோதனை நவம்பரில், ஒரு செவ்வாய்க்கிழமை. அன்று இரண்டாம் ஆண்டுக்கு வாசிப்புச் சோதனை வைத்திருந்தேன், புதன்கிழமைக்கு மாற்றிவிட்டேன்.